மெதுவா எறங்கற டிரிப்ஸ்

இப்பிடி நவுந்து உக்காருங்க தம்பி, அந்தக் கோடியில வெயிலு மூஞ்சிலயே அடிக்கும். நான் ஆம்புலன்ஸுக்குக் காத்துட்டிருக்கறனுங்க. எங்கக்கா உள்ள இருக்குது. கோயமுத்தூர்ல பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம். வெள்ளென வந்தர்றேன்னு சொன்னான் டிரைவரு, இன்னும் ஆளைக் காணோம். நீங்க யாரைப் பாக்க வந்தீங்க? அப்பாவைங்களா? டாக்டரம்மா ரூமுக்குள்ள கூப்பிட்டுப் பேசுச்சா? பேசியிருக்கும், உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது.

"இனி நோயைக் குணமாக்க முடியாதுங்க, ஆனா வலியில்லாம, மூச்சு முட்டல் இல்லாம நிம்மதியா வச்சுக்கலாம்"னு சொல்லியிருக்குமே? பாலியேட்டிவ் கேர்னு அதுக்கு ஒரு பேரு. ஆமாங்களா? அட சாமி, எனக்கும் அதே பாட்டுத்தானுங்க பாடுச்சு. கேட்டதும் எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சு போச்சு. நான் மூஞ்சிக்கு நேராவே கேட்டுப்போட்டேன், "ஏனுங்கம்மா, கைய விரிச்சுட்டோம்ங்கறதைத்தான் இப்பிடி நீட்டி மொழக்கி இங்கிலீசுல சொல்றீங்களா?"ன்னு. அந்தம்மா கோவிச்சுக்கவே இல்லை. "நோயைத்தானுங்க ஒண்ணும் பண்ண முடியாது, ஆளுக்குப் பண்றதுக்கு இன்னும் நெறைய இருக்குது"ன்னுச்சு. நல்லாத்தான் பேசறாங்க. பேசறதுக்கு என்னங்க, வாய் இருந்தா யாரு வேணாலும் பேசலாம்.

எம்பேரு வசந்தாமணிங்க. ஊரு காஞ்சிக்கோயில் பக்கம். எங்கூட்டுக்காரர் தறி ஓட்டறார். ஓட்டறார்னா, ஓட்டறதுக்கு ஆள் வச்சிருக்கறார். அக்கா பேரு ருக்குமணி. பால் சொசைட்டில செகரட்டரியா இருந்து ரிட்டயர்டு ஆனது. கலியாணம் காச்சின்னு ஒண்ணும் பண்ணிக்கலை. எங்கம்மா சின்ன வயசுலயே போயிருச்சு, என்னைத் தூக்கி வளத்துனதே அதுதான். ஊர்ல ஒருத்தன் பாலுக்குத் தண்ணி கலந்துட்டு எங்கக்கா முன்னால நின்னற முடியாது, மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சுரும். அப்பேர்ப்பட்டது, ரிட்டயர்டு ஆனதும் "நான் யாரு ஊட்டுலயும் வந்து உக்கார மாட்டேன்"னு தானாவே பொட்டியக் கட்டிட்டு இந்த முதியோர் ஹோமுக்கு வந்து சேந்துக்குச்சு. எங்களுக்கு எத்தனை அவமானம்ங்கறீங்க! கூடப் பொறந்தவ நான் குத்துக்கல்லாட்ட இருக்கறப்போ அக்காளைக் கொண்டு போயி ஹோம்ல தள்ளிட்டான்னு ஊரு பேசுமா, பேசாதா? நான் "எங்கூட்டுக்கு வாக்கா"ன்னு கூப்பிட்டேன். கூப்பிடத்தான் செஞ்சேன். ஊட்டுல ரூமு இல்லைங்கறது வேற விசயம்.

அப்பறம் வயித்துல வந்துச்சு. கேன்சருங்க. ஊசி மருந்தெல்லாம் போட்டுப் பாத்தாங்க. கேக்கலை. "போதும், என்னை ஹோம்ல கொண்டு போயி உட்டுருங்க, அங்க எனக்குச் சிநேகிதக்காரங்க இருக்கறாங்க"ன்னு அக்காவே சொல்லிருச்சு. இங்க வந்ததும் டாக்டரம்மா மார்ஃபின்னு ஒரு மாத்திரை ஆரம்பிச்சுச்சு. அது என்ன மாத்திரைன்னு என்ற மருமகன் போன்ல தேடிப் பாத்துச் சொன்னாப்ல, அபின்ல இருந்து எடுக்கறதாம்! அடுத்த பஸ்ஸப் புடிச்சு வந்து டாக்டரம்மாகிட்டச் சண்டை. "எங்க குடும்பத்துல பொம்பளைக வெத்தலை கூடப் போட்டதில்லீங்க. இந்த வயசுல எங்கக்காளைப் போதைக்குப் பழக்கி உட்டீங்கன்னா நாளைப்பின்னே அதை எவன் திருத்தறது?"ன்னேன். அந்தம்மா என்னையே பாத்துச்சு. அப்பறம் மெதுவா, "அளவாக் குடுக்கறதுங்கம்மா, அதெல்லாம் பழகாது. வலி வந்ததுக்கப்பறம் குடுக்கறதில்லை, வலி வராம இருக்கறதுக்கு நேரந்தவறாமக் குடுக்கறது"ன்னு சொல்லுச்சு. நான் போயி எங்கூட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். "போதைங்கறது குடும்பத்துக்கே ஆகாது வசந்தா, உட்றாதே"ன்னார். அவர் அப்ப மூணாவது ரவுண்டுல இருந்தார்.

சரி, போற உசுரு, ஒறம்பரையெல்லாம் ஒருக்காப் பாத்துக்கட்டும்னு எல்லாருத்துக்கும் போனப் போட்டேன். உங்களுக்குத் தெரியாததா, ஆள் கெடையில உழுந்துட்டா சொந்தபந்தம் பாக்க வரோணும். ஆர்லிக்ஸ், ஆரஞ்சு, பிஸ்கோத்து வாங்கிட்டு வந்து கட்டலைச் சுத்தி நின்னு "என்னை அடையாளம் தெரியுதா கண்ணு?"ன்னு கேக்கோணும். சீக்குல வந்து பாக்காதவன் எளவுக்கு வந்து மாலை போட்டா யாரு மதிப்பா? அதனால போன்ல நான் கொஞ்சம் அழுத்தியே சொல்லிட்டேன், இன்னைக்கோ நாளைக்கோன்னு. அப்பிடிச் சொன்னாத்தானுங்க வருவாங்க. எங்க பெரியப்பா பையன் தங்கமுத்தண்ணன், ஈரோட்டுல மஞ்ச ஏலத்தை உட்டுப்போட்டு ஒரு வேன் நெறைய ஆளை ஏத்திட்டு வந்துட்டார். நங்கையா, அதானுங்க அண்ணன் பொண்டாட்டி, வர்ற வழியெல்லாம் அழுதுட்டே வந்துச்சாம்.

வந்து பாத்தா கட்டல்ல எங்கக்காளைக் காணோம்! ஹால்ல டிவி முன்னால நாலு பெருசுகளோட உக்காந்து கிரிக்கெட் பாத்துட்டிருக்குது. தலையச் சீவி, பூ வெச்சு, மடியில ஒரு கிண்ணம் பொரி. அம்பயரைத் திட்டுது பாருங்க திட்டு, பாலுக்குத் தண்ணி கலந்தவனைக் கூட அப்பிடித் திட்டியிருக்காது. எங்களைப் பாத்துட்டு, "வாங்க வாங்க, சித்த இருங்க, இந்த ஓவரு முடியட்டும்"ங்குது!

அழுத மூஞ்சிய நங்கையா எங்க கொண்டு போயி வெக்கும்? என்னை ஒரு பார்வை பாத்துச்சு. "ஏன் வசந்தா, நாங்க சீக்குக்கு வந்தமா, நோம்பி திருவிழாவுக்கு வந்தமா?"ன்னு கேட்டுப்போட்டுது. அண்ணன் என்னை வெளிய கூட்டிட்டு வந்து, "ஒரு டிரிப்ஸ் கூட ஏத்தலை. டிரிப்ஸ் ஏத்தாம அதென்ன வைத்தியம்? வெறும் மாத்திரையக் குடுத்துச் சும்மா உக்கார வச்சிருக்கறாங்க, நீயும் பாத்துட்டிருக்கறே"ன்னார். கூடவே, "ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு எங்களைக் கூப்பிட்டே?"ன்னும் கேட்டார். எப்பிடி இருக்குது பாருங்க நாயம். அக்கா நல்லா இருந்தா நான் பொய்க்காரி, நல்லா இல்லைன்னா நான் கவனிக்காதவ. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி.

அந்தப் பக்கம் ஏதோ வண்டிச் சத்தம் கேட்டுதுங்களா? பால் வண்டியா. சரி சரி.

நான் திருப்பி டாக்டரம்மாகிட்டப் போனேன். ஒரு பாட்டலு டிரிப்ஸ் ஏத்துங்கன்னு கேட்டேன். "அக்கா வாயாலயே சாப்பிடுதுங்க, தண்ணி குடிக்குது. இப்ப இருக்கற ஒடம்புக்கு டிரிப்ஸ் ஏத்தினா காலு வீங்கும், மூச்சுதான் முட்டும்"னுச்சு. "ஒடம்புக்கு வேண்டாம்னா ஒறம்பரைக்காச்சும் ஏத்துங்க"ன்னேன். சிரிக்குதுங்க தம்பி! நான் எத்தனை வெசனத்துல பேசறேன், அந்தம்மா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்குது. இவங்கெல்லாம் படிச்சிருக்கறாங்களே தவிர, ஊரு ஒலகத்துல பொழச்சிருக்கறாங்களா? நாளைக்கு எங்கக்கா போயிருச்சுன்னா, பந்தல்ல உக்காந்துட்டு நாலு பேரு கேப்பான், "கடைசில டிரிப்ஸ் ஏத்துனீங்களா?"ன்னு. இல்லைன்னு நான் எந்த வாயால சொல்றது?

அக்கா ரூமுல போயி உக்காந்து அழுதேன். என்னன்னு கேட்டுச்சு. சொன்னேன். எங்கக்கா எல்லாத்தையும் கேட்டுப்போட்டு, "நான் போயிருவேன் அம்மணி, நீ அவங்களோட இருந்தாகோணும். இப்ப என்ன, நான் கட்டல்ல படுத்துக்கோணும், கண்ண மூடிக்கோணும், அவ்வளவுதான? ஞாயித்துக்கெழமை எல்லாரையும் வரச் சொல்லு, படுத்துக்கறேன்"னுச்சு. ஞாயித்துக்கெழமை ஏதோ பெரிய மேட்ச்சு கூட இருந்துச்சாம். போகட்டும்னுருச்சு. பாத்துக்கங்க, எம்மேல அதுக்கு அத்தனை பாசம்.

நானும் சும்மா இருக்கலை. தெரிஞ்ச மெடிக்கல்ல சொல்லி ஒரு டிரிப்ஸ் ஸ்டாண்டும் பாட்டலும் வாங்கிட்டு வந்தேன். ஊசியெல்லாம் குத்தலீங்க, நான் என்ன கல்நெஞ்சுக்காரியா? டியூபைக் கையில வெச்சுப் பஞ்சு சுத்திப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன், போர்வைய இழுத்து உட்டேன், தத்ரூபமா இருந்துச்சு. இங்க ஜெபசீலின்னு ஒரு நர்ஸ் பொண்ணு, நாரோயில் பக்கத்துப் பொண்ணு, அதுக்குத்தான் மூக்கு மேல கோவம். "இதென்ன கூத்துக்கா? என்னமோ பண்ணுங்க, மாத்திரை நேரத்துக்கு நான் வந்துருவேன்"னு நின்னுச்சு. அதெப்பிடிங்க? அத்தனை ஒறம்பரை முன்னால அந்த அபின் மாத்திரையக் குடுத்தா, நாளைக்கு ஊரெல்லாம் தண்டோராதான். "இங்க குடு, கூடப் பொறந்தவ நான் குடுக்க மாட்டனா?"ன்னு மாத்திரைய வாங்கி முந்தானையில முடிஞ்சுட்டேன்.

தங்கமுத்தண்ணன் இந்தத் தடவை ரெண்டு வேன்ல வந்தார். போன தடவை ஏமாந்ததைச் சொல்லிச் சொல்லியே ஆளைச் சேத்திட்டாரு போலிருக்குது. உள்ள நொழைஞ்சதும் டிரிப்ஸைப் பாத்தாங்க. அப்பிடியே எல்லாருத்து மூஞ்சியும் மாறிப் போச்சு. நங்கையா கட்டல் காலைப் புடிச்சுட்டு ஒரு அழுகை அழுதுச்சு. எனக்கு மனசு நெறைஞ்சு போச்சுங்க தம்பி. அண்ணன் மட்டும் பாட்டலையே பாத்துட்டு நின்னார். "ஏன் வசந்தா, சொட்டே உழுவலையே?"ன்னார். எனக்குப் பக்குன்னுச்சு. ஆனா வாய் இருக்குதல்ல? "இது மெதுவா எறங்கற டிரிப்ஸுங்ணா. வெளிநாட்டு மருந்து. வேகமா எறக்கினா ஆளு தாங்காது"ன்னேன். அண்ணன் பக்கத்துல இருந்தவனுக்கு அதையே இன்னும் ரெண்டு சேத்திச் சொன்னார்.

அக்காளும் கண்ணை அரைக்கண்ணா மூடிட்டு, கூப்பிட்டா "ம்"னு மட்டும் சொல்லிட்டு, பிரமாதமா படுத்திருந்துச்சு. வந்தவங்க வந்த வேகத்துல போவாங்கன்னு பாத்தேன். போனாத்தான? நல்ல சீக்கு பாத்த திருப்தி. சம்மணம் போட்டு உக்காந்துட்டாங்க. அவனவன் ஊட்டுல யாரு யாரு எப்பிடி எப்பிடிச் செத்தாங்கன்னு ஒரு ரவுண்டு. காப்பி ஒரு ரவுண்டு. யாரோ கொண்டாந்த ஆரஞ்சை உரிச்சு அவங்களே தின்னது ஒரு ரவுண்டு.

அப்பறம் அக்கா மொனக ஆரம்பிச்சுச்சு. நான் அசந்தே போயிட்டேன். பால் சொசைட்டில இருந்த பொம்பளை, இப்பிடி நடிக்க எங்க கத்துக்கிச்சுன்னு. மொனகல் பெருசாச்சு. பல்லைக் கடிக்குது, கையி போர்வையச் சுருட்டிப் புடிக்குது. நங்கையா மறுபடியும் அழ ஆரம்பிச்சுருச்சு. எனக்கே கொஞ்சம் ஓவராத் தெரிஞ்சுது. குனிஞ்சு காதுல சொன்னேன், "போதும்க்கா, கொறைச்சுக்க, சந்தேகம் வந்துரும்"னு.

அக்கா கண்ணைத் தொறந்துச்சு. "வசந்தா, மாத்திரை"ன்னுச்சு. அவ்வளவுதான் வந்துச்சு வாயில. நான், "சித்த பொறுத்துக்கக்கா, அண்ணன் கெளம்பற நேரந்தான்"னேன்.

சொன்னதுக்கப்பறம்தான் பாத்தேன். நெத்தியெல்லாம் வேர்வை. தலைகாணி நனைஞ்சு கெடக்குது. வேர்வைய எவ நடிப்பா? "அம்மா"ன்னு கத்துச்சு பாருங்க. எங்கம்மா செத்தப்பக் கூட அது அம்மான்னு கத்தலை. என்னை இடுப்புல தூக்கி வச்சுட்டு வந்தவங்களுக்கெல்லாம் தண்ணி குடுத்துட்டிருந்துச்சு. அந்த அக்கா கத்துது.

நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க தம்பி. அந்த வலிய நான் அதுவரைக்கும் ஒருக்காக் கூடப் பாத்ததில்லை. நான் வர்றப்பல்லாம் மாத்திரை போட்டு அது நல்லா இருந்துச்சு. நல்லா இருந்ததைப் பாத்துட்டு, இதுக்கு எதுக்கு மாத்திரைன்னு நான் சண்டை போட்டுட்டிருந்தேன்.

முந்தானை முடிச்சு அவுக்க வரலை. பல்லுல கடிச்சு இழுத்தேன். தப்பு என்ற மேல இல்லீங்க, முடிச்சை இறுக்கிப் போட்டுட்டேன், அவ்வளவுதான். அதுக்குள்ள ஜெபசீலி ஓடி வந்து ஸ்டாண்டை ஒரு தள்ளுத் தள்ளுச்சு, அது போயி அண்ணன் மேல சாஞ்சுச்சு. மாத்திரை கேக்கறதுக்கு நேரமாகும்னு ஒரு ஊசியும் போட்டுச்சு. அக்கா தணியற வரைக்கும் அந்தப் பொண்ணு முதுகைத் தடவிட்டே இருந்துச்சு. என்ற பக்கம் திரும்பிக் கூடப் பாக்கலை.

இத்தனையும் பாத்துட்டு அண்ணன் என்ன சொன்னாருங்கறீங்க? "இத்தனை வலியில இங்க போட்டு வச்சிருக்கறாங்களே, மனுசங்களா இவங்க? பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. ஐசியுல வெச்சு மூக்குல, வாயில டியூப் போட்டுப் பாப்பாங்க. கூடப் பொறந்தவளுக்கு இது கூடச் செய்யலைன்னா ஊரு காறித் துப்பும்"னு அங்கயே நின்னு மறுநாள் காலைக்கு ஆம்புலன்ஸுக்கும் அவரே சொல்லிட்டார். டாக்டரம்மா எடுத்துச் சொல்லிப் பாத்துச்சு. அண்ணன் காதுலயே போட்டுக்கலை. நானும் தலையாட்டிட்டேன். பின்னே என்னங்க பண்ணச் சொல்றீங்க? மாத்திரை என்ற முந்தானையில இருந்துச்சுங்ணான்னு அத்தனை பேரு முன்னால சொல்ல முடியுமா? மானம் போயிராது?

இன்னைக்குக் காலையில அக்காகிட்டச் சொன்னேன், ஆம்புலன்ஸு வருதுன்னு. நல்லாத்தான் இருந்துச்சு, இட்லி பிச்சுத் தின்னுட்டிருந்துச்சு. நேத்து நடந்ததுக்கு ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தாத் தேவலை. "அங்க ஐசியுல உன்னை உள்ள உட மாட்டாங்க வசந்தா. நீ கண்ணாடிக்கு வெளிய நிப்பே. எனக்கு வாயில டியூபு இருக்கும், உன்னைக் கூப்பிடக் கூட முடியாது"ன்னுச்சு. அப்பறம் இட்லியக் கீழ வெச்சுட்டு, "உம்பட இஷ்டம். உனக்கு ஊர்ல நல்ல பேரு வேணும்னா போறேன். ஆனா நேத்து மாதிரி இன்னொருக்கா எனக்குத் தெம்பில்லை கண்ணு"ன்னுச்சு. எனக்கு அங்க உக்கார முடியலை. அதான் இங்க வந்து உக்காந்துட்டேன்.

இருங்க இருங்க. அந்தா வருது. வந்துட்டான் மகராசன். ஏப்பா! ஏய், இங்க வா! எத்தனை மணிக்கு வரேன்னு சொன்னே நீ? பேஷன்ட் எங்கன்னா கேக்கறே? பேஷன்ட் எங்க இருந்தா உனக்கென்ன? உசுருக்கு அவசரம்னு கூப்பிட்டா இப்ப அசைஞ்சு அசைஞ்சு தேர் வர்றாப்ல வர்றே? டிராபிக்கா? உன்ற டிராபிக்கைக் கொண்டு போயி உன்னைக் கூப்பிட்டவருகிட்டச் சொல்லு. உன்னை நம்பி எங்கக்காளை ஏத்த மாட்டேன். திருப்பு வண்டிய. என்ன மொறைக்கறே? திருப்புன்னா திருப்பு! அந்த சங்கை ஊதாமப் போ, உள்ள பெரியவங்க தூங்கறாங்க.

பொறுப்புக் கெட்ட பயலுக. இவன் மட்டும் நேரத்துக்கு வந்திருந்தான்னு வெச்சுக்கங்க, நான் ஏத்தியிருப்பேன். சத்தியமா ஏத்தியிருப்பேன். கண்ணுல என்னமோ தூசி உழுந்துருச்சு, இருங்க.

போன் வேற. அண்ணன்தான். பேசாம இருங்க தம்பி, செருமாதீங்க.

ஆங், சொல்லுங்ணா. வந்துச்சுங்ணா, வந்துச்சு. கோயமுத்தூரு பெரிய டாக்டரே வண்டியில கூட வந்துட்டாருங்ணா. ஆமா, நேர்லயே. நீங்க சொன்னீங்கன்னுதான் வந்திருப்பாரு. அக்காளைப் பாத்துட்டு, ஆளை அசைக்கவே கூடாதுன்னுட்டார். அங்க பண்றதை விட இங்க வைத்தியம் நல்லாப் பண்றாங்களாம், அவரே ஆச்சரியப்பட்டுட்டார். டிரிப்ஸுங்களா? அதெல்லாம் இப்பப் பழசாயிருச்சாம்ங்ணா, வெளிநாட்டுல யாரும் ஏத்தறதே இல்லையாம், எல்லாம் மாத்திரைலயே வந்துருச்சாம். இன்னொண்ணுங்ணா, ஒறம்பரை ஒருத்தரும் வரக்கூடாதுன்னு கண்டிசனாச் சொல்லிட்டார். நங்கையாகிட்டச் சொல்லிருங்க. ஆரஞ்சு கூட வேண்டாமாம். நான் ஒருத்தி மட்டும் கூட இருக்கலாமாம். ஆமாங்ணா, ராத்திரியும் இங்கதான். கடைசி வரைக்கும் இங்கதான். வெச்சர்றேன்.

என்னங்க தம்பி அப்பிடிப் பாக்கறீங்க? பெரிய டாக்டரு வந்திருந்தா அதைத்தான சொல்லியிருப்பார்?

நான் உள்ள போறேன், மாத்திரை நேரமாச்சு. ஏ ஜெபசீலி! எங்க அம்மணி போனே? நேரத்துக்குக் குடுக்கோணும்னு உனக்குத் தெரியாதா? எங்கக்காவுக்கு வலி வந்தா நீ வந்து பொறுத்துக்குவியா? இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு எதையும் ஒருக்காச் சொன்னா ஏறாதுங்க.

நீங்க போயி டாக்டரம்மாகிட்டச் சரின்னு சொல்லிருங்க தம்பி. சொல்லிட்டு உங்கப்பாகிட்டப் போயி உக்காருங்க. உங்க ஒறம்பரை எதாச்சும் கேட்டா என்ற நம்பரைக் குடுங்க. நான் பேசிக்கறேன்.